மருந்துச் சீட்டில் இன்னும் ஒரு வரி: நரம்பியல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நரம்பியல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், பார்க்கின்சன் நோயோடு எட்டு வருஷமாக வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு அம்மாவின் மகள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்களில் ஒருவர் முன்னால் வந்து உட்காருகிறவள். அம்மாவுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அங்கே சொல்ல முடியாமல் திரும்பி வந்ததை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் மேல் கோபத்தில் எழுதவில்லை. வராந்தாவில் காத்திருக்கும் கூட்டத்தை நானும் பார்க்கிறேன். நீங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையால்தான் அம்மா இன்றைக்கும் தன் கையால் சாப்பிடுகிறார். காலை ஆறு மணி மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில், இறுகிக் கிடந்த உடம்பு மெல்ல இளகுவதை எட்டு வருஷமாகத் தினமும் கண்ணால் பார்க்கிறவள் நான். அந்த மாத்திரையில் இருக்கும் லீவோடோபா என்ற மருந்தின் அருமை எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் உங்கள் அறையில் இதுவரை நடந்த பேச்சு முழுவதும் மாத்திரையைப் பற்றியதுதான். எத்தனை, எத்தனை மணிக்கு, அரை கூட்டலாமா, கால் குறைக்கலாமா. அம்மா தன் மூளையோடு தானே ஏதாவது செய்துகொள்ள முடியுமா என்ற கேள்வி அந்த அறைக்குள் ஒரு முறைகூட வந்ததில்லை.

நாங்கள் அந்தக் கேள்விக்கு எப்படி வந்தோம் என்று சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் கால் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. கூடத்திலிருந்து சமையல்கட்டுக்குப் போகிற நிலைப்படிதான் இடம். அதுவரை சரியாக நடந்து வருவார். நிலைக்கு இந்தப் பக்கம் வந்ததும் நின்றுவிடுவார். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், பாதம் வராது. "கால் தரையில ஒட்டிக்கிச்சுடி, இழுத்தாலும் வரமாட்டேங்குது" என்பார். நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. கையைப் பிடித்து இழுத்தோம். "வாங்கம்மா, சும்மா வாங்க" என்று அவசரப்படுத்தினோம். அவசரப்படுத்தினால் இன்னும் இறுகிப் போவார். ஒரு நாள் அப்படியே முன்னால் சாய்ந்து விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டு பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலாம் வகுப்பு படிக்கிற என் மகள் வெளியே மழை என்று கூடத்திலேயே சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டிருந்தாள். கட்டம் நிலைப்படியைத் தாண்டிச் சமையல்கட்டுக்குள் நீண்டிருந்தது. தரையைப் பாழாக்கிவிட்டாள் என்று நான் திட்டிக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து நடந்தார். ஒவ்வொரு கோட்டையும் பார்த்து, காலைத் தூக்கி, கோட்டைத் தாண்டித் தாண்டி வைத்தார். நிலைப்படியில் நிற்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அதே கோடுகளைத் தாண்டித் திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன். அந்தக் கோடுகள் இன்றுவரை எங்கள் வீட்டில் அழியவில்லை. சாக்பீஸுக்குப் பதிலாக இப்போது சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம்.

அப்புறம் கோலம். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் கையெழுத்து சுருங்கிச் சுருங்கி எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. வங்கியில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று ஒரு தடவை பணம் தராமல் அனுப்பினார்கள். கோலமும் அப்படித்தான். புள்ளி இல்லாமல் இழுக்கிற கோலத்தை ஆரம்பித்தால் முதல் இதழ் உள்ளங்கை அளவு, நாலாவது இதழ் ஐம்பது பைசா அளவு. ஆனால் போன மார்கழியில் நான் 7 புள்ளி 7 வரிசை வைத்துக் கொடுத்தேன். மாவை எடுத்து, புள்ளியைச் சுற்றிச் சுற்றிச் சிக்குக் கோலத்தைக் கடைசி வளைவு வரை அதே அளவில் போட்டு முடித்தார். கை நடுங்கியது, இழை கோணலாக இருந்தது. ஆனால் சுருங்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து, "புள்ளி கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவுது" என்றார்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

நாமாக நினைத்து எழுந்து நடக்கும் அசைவை முன்கூட்டியே தயார் செய்ய, மூளையின் உச்சியில் நடுக்கோட்டை ஒட்டி ஒரு பகுதி இருக்கிறது. துணை இயக்கப் பகுதி என்று அதைச் சொல்லலாம். நடுமூளையில், அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிய அழிய, இந்தப் பகுதிக்கு வந்து சேர வேண்டிய உந்துதல் மெலிந்துபோகிறது. அதனால்தான் "நட" என்று மனசு சொல்லியும் கால் எழுவதில்லை. ஆனால் கண்ணால் ஒரு கோட்டைப் பார்த்து, காதால் ஒரு தாளத்தைக் கேட்டு அசைவதற்கு மூளைக்குள் இன்னொரு வழி இருக்கிறது. அந்த வழி இந்த நோயில் அவ்வளவாகப் பழுதாவதில்லை. ஆற்றுப்பாலம் பழுதானால் அடுத்த ஊர்ப் பாலம் வழியாகச் சுற்றிப் போகிற மாதிரிதான். பாண்டிக் கோடும் கோலப் புள்ளியும் அம்மாவை அந்தச் சுற்று வழியில் கொண்டுபோய்விட்டன.

இது உங்களுக்குப் புதிதில்லை என்று தெரியும். இப்படிக் குறிகளை வைத்து நடக்கப் பழக்குவதை இங்கிலாந்தின் நியூகாசில், பெல்ஜியத்தின் லூவென், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் ஆகிய மூன்று இடங்களில் 153 நோயாளிகளிடம், அவர்கள் வீட்டுக்கே போய் மூன்று வாரம் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். நடை முன்னேறியது. கால் ஒட்டிக்கொள்வதும் கொஞ்சம் குறைந்தது. பலன் பெரிதில்லை, பயிற்சியை நிறுத்தியதும் மங்கவும் செய்தது. சரி, மாத்திரையும் அப்படித்தானே, நிறுத்தினால் மங்குகிறது. எனக்கு மனசு ஆறாதது ஒன்றுதான். 2007இல் அச்சான ஒரு செய்தி, என் மகளுடைய பாண்டிக் கட்டத்தின் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னாலேயே உங்களில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அம்மாவின் மணிக்கட்டு முறிந்திருக்காது.

சுற்று வழி ஒன்று. பழுதான வழியையே நோயாளி தானாக உசுப்பிப் பார்க்க முடியுமா என்பது அடுத்தது. அதைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கம் போனது.

வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் லீனா சுப்ரமணியன், டேவிட் லிண்டன் ஆகியோரின் குழு 2011இல் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டது. நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த பத்துப் பேர். ஐந்து பேரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, துணை இயக்கப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அப்போதைக்கப்போதே ஒரு வெப்பமானி மாதிரியான படத்தில் அவர்களுக்கே காட்டினார்கள். கையையும் காலையும் அசைக்காமல், அசைப்பதாக மனசுக்குள் கற்பனை செய்து, அந்த அளவை மேலே ஏற்ற வேண்டும். எதை நினைத்தால் ஏறுகிறது என்பதை அவரவரே கண்டுபிடிக்க வேண்டும். இரத்த ஓட்டத்தை வைத்து அளப்பதால், நினைத்த நினைப்பு படத்தில் தெரியச் சில விநாடி ஆகும். பொறுமையாகப் பழக வேண்டும். மற்ற ஐந்து பேரும் இதே கற்பனையைச் செய்தார்கள், ஆனால் அவர்களுக்கு மூளையின் அளவு காட்டப்படவில்லை. சில மாத இடைவெளியில் இரண்டு ஸ்கேன், நடுவில் வீட்டில் பயிற்சி. கடைசியில், அளவைப் பார்த்துப் பழகியவர்கள் அந்தப் பகுதியைத் தாங்களாகவே தூண்டக் கற்றிருந்தார்கள். விரல் தட்டும் வேகம் கூடியது, அசைவுக் குறைபாட்டின் மதிப்பெண்ணும் முன்னேறியது. காட்டப்படாதவர்களிடம் அப்படி நடக்கவில்லை.

இதை அம்மாவுக்கு மெதுவாகச் சொன்னேன். கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ என் மூளை இன்னும் என் பேச்சைக் கேக்குமா?" என்றார்.

எட்டு வருஷத்தில் அவர் தன் நோயைப் பற்றிக் கேட்ட கேள்விகள் எல்லாம் எப்போது குறையும், இன்னும் எத்தனை நாள் என்பது மாதிரிதான் இருக்கும். தன்னால் ஏதாவது ஆகுமா என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உங்களுக்கு இருக்கிறது. இந்த மடலே அதற்காகத்தான்.

பத்துப் பேரை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். அதே குழு 2016இல் 30 பேரை வைத்து மறுபடியும் செய்தது. எல்லாரும் பத்து வாரம் உடற்பயிற்சி செய்தார்கள், அதில் பாதிப் பேருக்கு ஸ்கேன் பயிற்சியும் சேர்த்துத் தரப்பட்டது. மருந்து எடுக்காத நிலையில் அளந்தபோது, இரண்டும் செய்தவர்களின் மதிப்பெண் 4.5 புள்ளி முன்னேறியிருந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.9 புள்ளி. முதல் எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியில், இரண்டு குழுக்களுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்று எழுதியிருந்தது. அதாவது, மூளையைப் பார்த்துப் பழகியதால்தான் கூடுதல் பலன் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

என்னைப் போன்ற நோயாளி வீட்டாருக்கு இது தாங்காது, அதனால் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் நினைக்கலாம். தாங்கும். தப்பான நம்பிக்கையைவிட இதைத் தாங்குவது எளிது.

நம்பிக்கை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2001இல் கனடாவின் வான்கூவரில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டு, மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து ஏறப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே அவர்கள் மூளையில் டோபமின் சுரந்திருந்தது. இந்த நோயில் "எனக்கு நன்றாகிவிடும்" என்ற நினைப்பே கொஞ்ச நேரத்துக்கு உடம்பை உண்மையாகவே அசைய வைக்கிறது. கேட்கச் சந்தோஷமான விஷயம். ஆனால் அதனால்தான் எந்தப் புதுப் பயிற்சியையும் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் நம்பக் கூடாது என்றும் எனக்குப் புரிந்தது. தலையில் எதைக் கட்டினாலும் முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும்.

கட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு மாமா, அவருக்கும் இதே நோய். பெரிய நகரத்தில் ஒரு மையத்துக்கு மகன் கூட்டிக்கொண்டு போனான். மூளை அலையை அளப்பதாகச் சொல்லித் தலையில் ஒரு பட்டை, முன்னால் ஒரு லேப்டாப். மனசு அமைதியானால் திரையில் கார் வேகமாக ஓடும். இருபது தடவைக்கு அறுபதாயிரம் ரூபாய். முதல் பத்து நாள் மாமா தெருவில் கை வீசி நடந்தார். மாத்திரையைப் படிப்படியாக விட்டுவிடலாம் என்று அங்கே யாரோ சொன்னதைக் கேட்டு, அவர் ஒரேயடியாக விட்டுவிட்டார். நான்காவது நாள் காய்ச்சலும் உடம்பு விறைப்புமாக ஆம்புலன்ஸில் போனார். பிழைத்துவிட்டார். இப்போது மறுபடியும் மாத்திரையில்தான் நடக்கிறார், முன்பு நடந்த அளவுக்கு இல்லை.

அந்த மையத்துக்குப் போவதற்கு முன்னால் மகன் ஒரு மருத்துவரிடம் கேட்டிருக்கிறான். "அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்று ஒரு வார்த்தையில் பதில் வந்திருக்கிறது. ஏன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்திருக்காது. ஆனால் விற்கிறவருக்கு ஒரு மணி நேரம் இருந்தது. படம் போட்டு, கலர் கலராக மூளையைக் காட்டி விளக்கினார். அந்த வீட்டில் யாரும் முட்டாள் இல்லை. விளக்கிச் சொன்னவரை நம்பினார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இப்படிச் சொல்லியிருக்கலாம்: மூளையைத் தன்வசப்படுத்தும் பயிற்சி பொய் இல்லை, உண்மையான ஆராய்ச்சி. ஆனால் இன்னும் ஆராய்ச்சிதான். காசு கொடுத்து வாங்குகிற சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை. எந்த அலையை, எந்த இடத்தில், எவ்வளவு மாற்றினால் யாருக்கு நல்லது என்பது தெளிவாகவில்லை. தெளிவாகாமல் கை வைத்தால் ஒன்று சரியாகி இன்னொன்று கெடலாம்.

அப்படிக் கெட்டதும் பதிவாகியிருக்கிறது. ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு அது. மூளையின் ஆழத்தில் லேசான மின்சாரம் கொடுக்கும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவைக்காக மின்முனை பொருத்தப்பட்டவர்கள், பேட்டரி வைப்பதற்கு முன்னால் கிடைத்த சில நாட்களில், திரையில் தெரியும் ஒரு பந்தைப் பார்த்துக்கொண்டு மூளைக்குள் ஓடும் பீட்டா அலையைத் தாங்களே அடக்கப் பழகினார்கள். இந்த நோயில் அந்த அலை அளவுக்கு மீறி இருக்கும், அசைவை இறுக்கிப் பிடிக்கும். அடக்கியதும் அசைவைத் தொடங்கும் வேகம் கூடியது. ஆனால் நடுக்கம் உள்ளவர்களுக்கு நடுக்கமும் கூடியது. மின்முனை மூளைக்குள்ளேயே இருக்கும்போதே இப்படி என்றால், நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி எல்லாருக்கும் ஒரே கார் விளையாட்டைக் காட்டுவதை எப்படிச் சிகிச்சை என்று சொல்ல முடியும்? இந்த ஒரு ஆய்வை அந்த மகனுக்கு யாராவது எளிய தமிழில் சொல்லியிருந்தால் போதும்.

இனி, நான் கேட்பது.

மருந்துச் சீட்டில் மாத்திரைக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்கள். "நிலைப்படியில் கோடு ஒட்டவும்" என்று எழுதுங்கள். "நின்றுவிட்டால் இழுக்காமல், 1-2-1-2 என்று எண்ணவும்" என்று எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் இருந்தால்தான் எங்கள் வீடுகளில் அதற்கு மருந்தின் மரியாதை கிடைக்கும். நான் சொன்னால் என் அண்ணனே கேட்பதில்லை. நீங்கள் எழுதினால் மளிகைக் கடைக்காரர்கூடத் தன் படியில் கோடு போட்டு வைப்பார்.

பேச்சும் அப்படித்தான். அம்மாவின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "சத்தமாப் பேசுங்கம்மா" என்றால், "சத்தமாத்தானே பேசறேன்" என்று கோபப்படுவார். அவர் பொய் சொல்லவில்லை. தன் குரலின் அளவைத் தனக்குள் அளந்து பார்க்கும் கணக்கே இந்த நோயில் பிசகிவிடுகிறது என்று பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் 1980களின் கடைசியிலேயே லோரெய்ன் ராமிக் என்பவர் இதற்கென்று ஒரு குரல் பயிற்சியை உருவாக்கியிருக்கிறார். வாரம் நான்கு நாள், நான்கு வாரம். ஒரே கட்டளை, "சத்தமாக நினை". கத்துகிற மாதிரித் தோன்றுகிற அளவுக்குப் பேசினால்தான் வெளியே சரியான அளவில் கேட்கும் என்று நோயாளி தன் மூளையின் அளவுகோலைத் தானே திருத்திக்கொள்கிறார். இதற்கு ஸ்கேன் வேண்டாம், பட்டை வேண்டாம். இதுவும் தன் மூளையைத் தானே சீராக்கும் பயிற்சிதானே? நான் ஒரு போனில் அம்மா பேசுவதைப் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டினேன். முதல் தடவை கேட்டபோது, "இது யாரு, இவ்வளவு மெல்லப் பேசறது?" என்றார். அதன் பிறகு அவரே திருத்திக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு பேச்சுப் பயிற்சியாளர் கூட இருந்து செய்திருந்தால் இன்னும் எவ்வளவோ நன்றாக வந்திருக்கும்.

உடற்பயிற்சியைப் பற்றி நீங்கள் சொல்வது உண்டு. "கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கம்மா" என்று, நாங்கள் எழுந்த பிறகு, கதவைத் தாண்டும்போது. தயவுசெய்து அதை உட்கார வைத்துச் சொல்லுங்கள். எவ்வளவு, எவ்வளவு வேகமாக, வாரம் எத்தனை நாள் என்று மாத்திரைக்குச் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள். 2018இல் அமெரிக்காவில் 128 பேரை வைத்து நடந்த ஆய்வில், இதயத் துடிப்பு உச்ச அளவில் 80 முதல் 85 சதவீதம் வரை ஏறும்படி வாரம் ஏறக்குறைய மூன்று நாள் டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அசைவுக் குறைபாடு ஏறக்குறைய அப்படியே நின்றது; வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2 புள்ளி மோசமானது. அடுத்த வருஷம் நெதர்லாந்தில் 130 பேரை வைத்து, வீட்டிலேயே நிற்கும் சைக்கிளை மிதிக்க வைத்தும் பார்த்துவிட்டார்கள். ஆறு மாதத்தில், மிதித்தவர்களுக்குச் சாதகமாக 4.2 புள்ளி வித்தியாசம். அம்மா வயசுக்கும் இதயத்துக்கும் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுத் தர உங்களால்தான் முடியும். நானாக ஓட விட்டுவிட்டு விபரீதமாகிவிட்டால்?

இன்னொன்று கேட்கிறேன், கொஞ்சம் பெரியது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் வந்ததிலிருந்து பிசியோதெரபி செய்கிறவர்கள் வீடுகளுக்கே வருகிறார்கள். எங்கள் ஊருக்கும் ஒரு பெண் வருகிறார். தங்கமான பிள்ளை. பக்கவாதம் வந்தவர்களுக்குச் செய்யும் பயிற்சியை அம்மாவுக்கும் செய்துவிட்டுப் போனார். நான் சிவப்புக் கோட்டைக் காட்டினேன். "இது எதுக்குக்கா?" என்று கேட்டார். சொன்னதும் உடனே புரிந்துகொண்டார். அடுத்த வாரமே பக்கத்து ஊரில் இன்னொரு வீட்டில் போய்க் கோடு ஒட்டியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை காலை, ஒரு மாவட்டத்தில் இருக்கும் இப்படிப்பட்டவர்களை உங்கள் கல்லூரி அரங்கில் கூட்டி, குறி வைத்து நடக்கப் பழக்குவது, மனசுக்குள் நடந்து பார்த்துவிட்டுப் பிறகு நடப்பது, குரலைப் பதிவு செய்து கேட்க வைப்பது ஆகிய மூன்றையும் சொல்லிக் கொடுத்தால் எத்தனை நிலைப்படிகளில் எத்தனை பேர் விழாமல் இருப்பார்கள்.

ஆராய்ச்சியையும் கேட்கிறேன். ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்துப் பழக்குவது எங்களுக்கு எட்டாது என்று தெரியும். ஆனால் மூளை அலையை வெளியிலிருந்து அளக்கும் இ.இ.ஜி. உங்கள் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறது. நோயாளிகள் நாங்கள் இருக்கிறோம். பயிற்சி ஒரு குழுவுக்கு, பொய்ப் பயிற்சி ஒரு குழுவுக்கு, உடற்பயிற்சி மட்டும் இன்னொரு குழுவுக்கு என்று முறையாகப் பிரித்து, காசு வாங்காமல், மாத்திரையை நிறுத்தாமல் செய்து பாருங்கள். அம்மா எந்தக் குழுவில் விழுந்தாலும் வருவார். நான் அவரிடம் கேட்டுவிட்டேன். "எனக்கு ஆகலைன்னாலும் பின்னால வர்றவங்களுக்கு ஆகுமில்ல" என்றார். பலன் இல்லை என்று முடிவு வந்தால் அதையும் தமிழில் எழுதிப் போடுங்கள். அந்த ஒரு தாளே பல வீடுகளில் அறுபதாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

இந்த நோயின் மருந்துக் கதையில் சென்னைக்கும் ஒரு பக்கம் உண்டு என்பதை நான் சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன். 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு வேதியியல் ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து லீவோடோபாவைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். அது பார்க்கின்சன் நோய்க்கு உதவும் என்று உலகம் கண்டுபிடிக்க அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் ஆனது. (இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலிப் பொடியை வாங்கி மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிடாதீர்கள், இரண்டும் ஒரே பொருள், அளவு மீறிவிடும்.) அன்றைக்கு அந்த இரண்டு பேரிடம் பெரிய இயந்திரம் எதுவும் இருந்திருக்காது. அதனால்தான் இங்கே ஆகாது என்று நீங்கள் சொன்னால் என் மனசு ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், இன்றைக்கே செய்யக்கூடியது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் தன் புத்தகத்தை எழுதியபோது அவர் விவரித்தது ஆறே பேரைத்தான். அதில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. நடக்கிறவர்களை நின்று கூர்ந்து பார்த்தே இந்த நோயை அவர் அடையாளம் கண்டார். நாங்கள் உங்கள் அறைக்கு வரும்போது அம்மா சக்கர நாற்காலியில் வருகிறார், சக்கர நாற்காலியில் போகிறார். கூட்டத்தில் அதுதான் சுலபம் என்று உதவியாளர்கள் அப்படி உட்கார வைத்துவிடுகிறார்கள். எட்டு வருஷத்தில் அவர் ஒரு கதவைத் தாண்டி நடப்பதை உங்களில் யாரும் பார்த்ததில்லை. ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். உங்கள் அறைக் கதவு போதும். கால் எங்கே ஒட்டுகிறது, எதைக் காட்டினால் விடுபடுகிறது என்று நீங்களே பார்த்துவிடுவீர்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை எங்களுக்கு முறை. சிவப்பு டேப் ஒரு சுருள் பையில் எடுத்து வருகிறேன். அம்மா போட்ட இரண்டு கோலத்தின் படமும் போனில் இருக்கிறது, ஒன்று புள்ளி வைத்தது, ஒன்று வைக்காதது. இரண்டும் ஒரே நாள் காலையில், ஒரே வாசலில், அதே கையால், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டவை. கூப்பிட்டதும் முதலில் அதைக் காட்டுகிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் நோயாளி ஒருவரின் மகள்